வன்னிக்கு மேலே பாராகிளைடிங்: செயலியில் நிறம் இல்லையென்றால் பறக்கலாமா?

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். சுவிசில் பாராகிளைடிங் பழகி அனுமதிப்பத்திரமும் எடுத்துவிட்டீர்கள். பெப்ரவரி கடைசியில் கிளிநொச்சியில் அம்மம்மா வீட்டுக்குப் போகிறீர்கள். சிநேகிதரின் பிக்கப்பில் விஞ்ச், அதாவது கயிறு இழுக்கும் பொறி, பூட்டி, அறுவடை முடிந்த வயலில் இழுத்து ஏறி, வாடைக்காற்றோடு மன்னார்ப் பக்கம் பறக்க ஆசை. போனில் பறப்புச் செயலியைத் திறந்தால் சுவிசில் தடை வலயங்களைக் காட்டுகிற சிவப்பு, நீல வட்டங்கள் ஒன்றும் இல்லை. வன்னி முழுக்க வெறும் நிலமாகக் கிடக்கிறது. “அப்படியென்றால் இங்கே தடை ஒன்றும் இல்லைத்தானே, சார்ட் (வான்வெளி வரைபடம்) பார்க்காமல் பறக்கலாம்தானே?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றும் கீறப்படாத இடத்தைத் தடை இல்லாத இடமாக எடுத்துக்கொள்ளலாமா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. எடுக்கக்கூடாது. ஏன் கூடாது, வேறு எதைப் பார்க்கவேண்டும் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியோடு இனியும் பல பிள்ளைகள் ஊருக்குப் போவார்கள்.

நான் மாங்குளத்துக்காரன். சுவிசில் பல வருடங்களாகப் பறக்கிறேன், மற்றவர்களுக்கும் பழக்குகிறேன். வான்வெளிப் பாடம் எடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. ஆவணத்தை எப்படி வாசிப்பது, உயரத்தை எப்படிக் கணக்குப் பார்ப்பது என்று நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். அனுமதி யாரிடம், எப்படிக் கேட்பது என்று சொல்வது ஆலோசனை மட்டும்தான். அனுமதி கொடுக்கும் இடத்தில் நான் இல்லை. வன்னியின் காற்றைப் பற்றிச் சொல்வது அங்கே வளர்ந்தவனின் அனுமானமும் வானிலைப் படிப்பும் கலந்தது. அதை அந்த அளவுக்கே நம்புங்கள்.

முதலில் செயலியின் நிறங்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்ப்போம். எக்ஸ்சி ட்ராக், எக்ஸ்சி சோர் போன்றவை வான்வெளியைத் தாமாகக் கண்டுபிடிப்பதில்லை. யாரோ ஒருவர் அந்த நாட்டின் உத்தியோகபூர்வ ஆவணத்தை வாசித்து, ஆள்கூறுகளைத் தட்டி, ஒரு கோப்பாக ஏற்றினால்தான் அவை திரையில் வரும். ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான ஆட்கள் பறக்கிறார்கள், பிழை இருந்தால் அடுத்த நாளே யாராவது கண்டுபிடித்துச் சொல்வார்கள். சுவிசில் அதற்கும் மேலாக, அன்றன்று எந்த வலயம் திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று டாப்ஸ் என்ற நாளாந்த அறிக்கை படத்தோடு வருகிறது. அந்த வசதியிலேயே பழகிய கண்ணுக்கு, படத்தில் ஒன்றும் இல்லையென்றால் வானத்திலும் ஒன்றும் இல்லை என்று தோன்றுவது இயல்பு. வன்னிக்கு மேலே பாராகிளைடரில் தூரப்பறப்புச் செய்கிறவர்கள் மிகக் குறைவு. கோடு கீறிப் பராமரிக்க ஆள் இல்லாததால் படம் வெறுமையாக இருக்கிறது. சில செயலிகளில் ஒன்றிரண்டு வட்டங்கள் இருக்கலாம். அவை எந்த ஆண்டுத் தகவல் என்று பார்க்காமல் அவற்றையும் நம்பவேண்டாம்.

வானம் வெறுமை இல்லை என்பதற்கு ஆவணம் திறக்க முதலே தெரிந்த விஷயங்கள் போதும். வடக்கே பலாலி, 2019 ஒக்டோபரிலிருந்து யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம். சென்னை விமானங்கள் வடக்கே கடலுக்கு மேலால் வருகிறபடியால் உங்களைத் தொடமாட்டா. ஆனால் கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானை விமான நிலையத்துக்கும் பலாலிக்கும் இடையில் ஒரு நேர்கோடு கீறிப் பாருங்கள், அது மன்னார்ப் பெருநிலத்துக்கும் பூநகரிக்கும் மேலாகப் போகும். நீங்கள் பறக்க நினைக்கும் பாதையை அது குறுக்கே வெட்டுகிறது. தெற்கே வவுனியாவில் விமானப்படைத் தளம். அங்கே ஆளில்லா விமானங்களுக்கென்று ஒரு படைப்பிரிவே இருக்கிறது. முல்லைத்தீவிலும் விமானப்படை இருக்கிறது. எல்லாவற்றையும்விட உங்களுக்குக் கிட்ட இருப்பது இரணைமடு ஓடுபாதை. குளத்துக்குக் கிழக்கே, கிளிநொச்சி நகரத்திலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீற்றர் சுற்றளவுக்குள், விமானப்படையின் கையில் இருக்கிறது. அதைக் கட்டியது புலிகள், 2009 தொடக்கத்தில் இராணுவம் பிடித்தது. 2007இல் வன்னியிலிருந்து எழும்பிய சிறு விமானங்கள் கட்டுநாயக்கா வரை போன வரலாறும் இருக்கிறது. அடையாளம் தெரியாத சிறிய, மெதுவான பறக்கும் பொருள் ஒன்றை அங்கே கடமையில் இருப்பவர் எப்படிப் பார்ப்பார் என்பதை இந்த வரலாற்றோடு சேர்த்துத்தான் யோசிக்கவேண்டும்.

சரி, எதைப் பார்ப்பது? ஒவ்வொரு நாடும் வெளியிடும் வான்பயணத் தகவல் தொகுப்பு, அதாவது ஏ.ஐ.பி. உலகம் முழுக்க ஒரே ஒழுங்கில் எண்ணிட்டுத்தான் அதை அச்சிடுவார்கள். சுவிசில் வாசிக்கப் பழகினால் இலங்கையிலும் அதே எண்ணில் அதே விஷயம் கிடைக்கும். பொது, வழிப்பயணம், விமான நிலையம் என்று மூன்று பாகம். வழிப்பயணப் பாகத்தில் 1.4 எந்த வான்வெளி எந்த வகுப்பு என்று சொல்லும். 2.1 பெரிய கட்டுப்பாட்டுப் பிரதேசங்களின் எல்லையும் உயரமும். 5.1தான் உங்களுக்கு முக்கியம்: தடைசெய்யப்பட்ட, கட்டுப்படுத்தப்பட்ட, ஆபத்தான பகுதிகள். இலங்கையில் இவற்றின் பெயர் வி-சி என்று தொடங்கி, அடுத்து பி, ஆர், டி என்ற மூன்றில் ஒரு எழுத்தும் ஒரு எண்ணுமாக வரும். பி என்றால் போகவே முடியாது. ஆர் என்றால் சொல்லப்பட்ட நிபந்தனையோடு மட்டும். டி என்றால் அங்கே ஆபத்தான வேலை நடக்கலாம் என்ற எச்சரிக்கை, உதாரணமாகச் சூட்டுப் பயிற்சி. 5.2இல் இராணுவப் பயிற்சிப் பகுதிகள், 5.5இல் வான்விளையாட்டு நடக்கும் இடங்கள், 5.6இல் பறவைகள் வலசை போகும் இடங்கள். கடைசியாக விமான நிலையப் பாகத்தில் ஒவ்வொரு நிலையத்துக்கும் 2.17 என்று ஒரு பந்தி இருக்கும். அந்த ஓடுபாதையைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டு வலயம் எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம், எந்த வகுப்பு என்று அதில் இருக்கும். பலரும் படத்தைப் பார்த்துவிட்டு இந்தப் பந்தியைத் தவறவிடுகிறார்கள்.

படமும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தை நம்புங்கள். ஏ.ஐ.பி.யோடு வரும் வழிப்பயண வரைபடம் பெரிய விமானங்களுக்காகக் கீறியது. கிளிநொச்சி அதில் ஒரு புள்ளியாகக்கூட வராமல் போகலாம். அச்சிட்ட திகதியையும் பாருங்கள். பெரிய மாற்றங்கள் 28 நாளுக்கு ஒருமுறை வரும் உலகப் பொதுத் திகதிகளில் நடைமுறைக்கு வரும். அதனால் ஜனவரியில் இறக்கிவைத்த பிரதியோடு மார்ச்சில் பறக்கக்கூடாது.

அடுத்தது கையால் கீறுவது. இதைச் செய்யாமல் என்னிடம் பழகும் யாரையும் புது நாட்டில் பறக்க விடுவதில்லை. ஏ.ஐ.பி.யில் உள்ள ஒவ்வொரு வலயத்தையும் நீங்களே ஒரு எழுத்துக்கோப்பில் தட்டுங்கள். ஓப்பன் ஏர் என்ற வடிவம் மிக எளிது: ஒரு வரியில் வகை, அடுத்ததில் பெயர், பிறகு கீழ் எல்லை உயரம், மேல் எல்லை உயரம், அதன்பின் மூலைகளின் ஆள்கூறுகள்; வட்டமென்றால் மையமும் கடல்மைலில் ஆரையும். சேமித்துச் செயலிக்குள் ஏற்றினால் நிறம் வந்துவிடும். தட்டும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஏ.ஐ.பி. ஆள்கூறுகளைப் பாகை, கலை, விகலையில் தரும். போன் பெரும்பாலும் தசமத்தில் காட்டும். அகலாங்கு 9 பாகை 30 கலை என்றால் தசமத்தில் 9.5. அதை 9.30 என்று தட்டினால் வலயம் 12 கடல்மைல், ஏறத்தாழ 22 கிலோமீற்றர், தெற்கே நகர்ந்துவிடும். கிளிநொச்சியின் அளவுக்கு அது ஊர் விட்டு ஊர். இரண்டாவது, ஆரை. 10 கடல்மைல் என்பது 18.5 கிலோமீற்றர், கிலோமீற்றர் என்று நினைத்துக் கீறினால் வட்டம் பாதியாகச் சுருங்கிவிடும். கீறி முடித்தபின் தெரிந்த ஒரு இடத்தை வைத்துச் சரிபாருங்கள்: பலாலியின் வட்டம் பலாலி ஓடுபாதையின் மேலேதான் நிற்கிறதா, வவுனியாவின் வட்டம் நகரத்தை மூடுகிறதா?

உயரத்துக்கு வருவோம். வன்னி இதில் ஒரு வகையில் இலகு, இன்னொரு வகையில் ஏமாற்றும். இலகு ஏனென்றால் நிலம் தட்டை. அல்ப்ஸில் கடல்மட்டத்திலிருந்து உயரம் ஒன்று, காலுக்குக் கீழே நிலத்திலிருந்து உயரம் வேறொன்று, இரண்டுக்கும் ஆயிரம் மீற்றர் வித்தியாசம் வரும். கிளிநொச்சி கடல்மட்டத்திலிருந்து சில பத்து மீற்றர்தான், ஆகவே இரண்டு கணக்கும் ஏறத்தாழ ஒன்றே. வலயத்தின் கீழ் எல்லை 3000 அடி என்றால் 914 மீற்றர். அதை அப்படியே மனதில் வைத்துப் பறக்கலாம்.

ஏமாற்றுவது போன். செய்மதி தரும் உயரம் முதலில் ஒரு கணித நீள்வட்டத் திண்மத்திலிருந்துதான் அளக்கப்படுகிறது, உண்மையான கடல்மட்டத்திலிருந்து அல்ல. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி இடத்துக்கு இடம் மாறும். சுவிசில் கடல்மட்டப் பரப்பு அந்தத் திண்மத்துக்கு ஏறத்தாழ 50 மீற்றர் மேலே. இந்தக் கடல்மட்டப் பரப்பில் உலகத்திலேயே மிக ஆழமான பள்ளம் நம் பக்கத்தில், இலங்கைக்கும் இந்தியாவுக்கும் தெற்கே இந்து சமுத்திரத்தில் இருக்கிறது, 100 மீற்றருக்கும் கொஞ்சம் மேல். வன்னியும் அந்தப் பள்ளத்தின் சரிவில்தான். இங்கே வித்தியாசம் ஏறத்தாழ 100 மீற்றர் கீழ்ப்பக்கம். இதன் விளைவைப் பாருங்கள். திருத்தம் செய்யாத உயரத்தைக் காட்டும் செயலி சுவிசில் உங்களை இருப்பதைவிட 50 மீற்றர் உயரமாகக் காட்டும். நீங்கள் பயந்து முன்கூட்டியே இறங்குவீர்கள், பிழை பாதுகாப்பான பக்கம். அதே செயலி வன்னியில் உங்களை 100 மீற்றர் தாழ்வாகக் காட்டும். மேலே இன்னும் இடம் இருக்கிறது என்று நினைத்தபடியே வலயத்துக்குள் போய்விடுவீர்கள். அண்ட்ரொய்ட் போன் செயலிகளுக்குக் கொடுப்பது இந்தத் திருத்தாத உயரம், செயலிதான் திருத்தவேண்டும். சோதிப்பது சுலபம். அம்மம்மா வீட்டு முற்றத்தில் போனை நிலத்தில் வைத்து, செய்மதிகள் நன்றாகப் பிடிபடும் வரை சில நிமிடம் விட்டுப் பாருங்கள். இருபது முப்பது மீற்றர் போலக் காட்டினால் திருத்தம் நடக்கிறது. கழித்தல் எழுபது, எண்பது என்று காட்டினால் நடக்கவில்லை. அமைப்புக்குள் போய்க் கடல்மட்டத் திருத்தத்தைப் போடுங்கள்.

இன்னொன்று. வலயங்களின் எல்லை அமுக்க உயரமானியின் கணக்கில் எழுதப்படுகிறது. அதனால் வாரியோமீற்றரின் (ஏற்ற இறக்கத்தைக் காட்டும் பறப்புக் கருவி) அமுக்க உயரத்தை முதன்மையாக வையுங்கள், செய்மதி உயரத்தை ஒத்துப் பார்க்க மட்டும். புறப்படும் வயலில் அதன் உயரத்தை வைத்து உயரமானியைச் சரிசெய்யுங்கள். வெப்பவலயத்தில் அமுக்கம் ஒரு நாளில் இரண்டு தரம் ஏறி இறங்கும். காலை பத்து மணியளவில் உச்சம், பின்னேரம் நாலு மணியளவில் தாழ்வு, இடையில் மூன்று ஹெக்டோபாஸ்கல் குறைவது சாதாரணம். அதனால் பின்னேரம் உயரமானி 25 மீற்றர் போல கூட்டிக் காட்டும். இந்தப் பிழை உங்களைக் காப்பாற்றும் பக்கம்தான், தெரிந்துவைத்தால் போதும். எல்லை உயரம் பறப்புமட்டத்தில், அதாவது எஃப்-எல் என்ற எழுத்தோடு கொடுக்கப்பட்டிருந்தால் அது 1013.25 ஹெக்டோபாஸ்கலை அடியாக வைத்த கணக்கு. வன்னி வெயிலில் நீங்கள் அந்த உயரத்தைத் தொடுவது அரிது. மேகத்தின் அடியை நீங்களே மதிப்பிடலாம்: நிலத்து வெப்பநிலைக்கும் பனிபடுநிலைக்கும் (காற்றின் ஈரம் நீராகத் தொடங்கும் வெப்பநிலை) உள்ள வித்தியாசத்தை 125ஆல் பெருக்குங்கள். 32க்கும் 22க்கும் இடையே 10 பாகை, ஆக 1250 மீற்றர். அன்றைக்கு நீங்கள் ஏறக்கூடிய கூரை அதுதான்.

இதுவரை சொன்னது நிரந்தரமான வலயங்கள். அன்றன்று மாறுவதை விமானிகளுக்கான அறிவிப்பான நோட்டாம் சொல்லும். பலர் வி-சி-சி-ஜே என்று பலாலியின் குறியீட்டை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்கிறார்கள். தற்காலிகமாக மூடும் பகுதிகள் பெரும்பாலும் முழுப் பிராந்தியத்தின் பெயரில் வரும். கொழும்பு விமானத் தகவல் பிராந்தியத்தின் குறியீடு வி-சி-சி-எஃப். அதையும், வவுனியாவின் வி-சி-சி-வியையும் சேர்த்துப் பாருங்கள். வாசிக்கும் விதத்துக்கு நானாக எழுதிய ஒரு உதாரணம் சொல்கிறேன். முதல் வரியில் கியூ-ஆர்-டி-சி-ஏ என்று ஐந்து எழுத்து இருந்தால் ஆபத்துப் பகுதி ஒன்று இயங்குகிறது. கியூ-ஆர்-டி என்பதில் டிக்குப் பதில் பி என்றால் தடைசெய்யப்பட்ட பகுதி. கியூ-டபிள்யூ-யூ-எல்-டபிள்யூ என்றால் ஆளில்லா விமானம் பறக்கப்போகிறது. அந்த வரியின் முடிவில் 0918, 08030, 005 என்று எண்கள் வந்தால் 9 பாகை 18 கலை வடக்கு, 80 பாகை 30 கலை கிழக்கு, ஆரை 5 கடல்மைல், அதாவது 9.3 கிலோமீற்றர். அது சுற்றிவளைத்துப் போட்ட வட்டம் மட்டும். சரியான எல்லை ஈ என்ற பந்திக்குள் இருக்கும். பீ பந்தியில் 2602260330, சீ பந்தியில் 2602261130 என்று இருந்தால் 2026 பெப்ரவரி 26, 03.30 முதல் 11.30 வரை. இது உலகப் பொது நேரம். ஐந்தரை மணித்தியாலம் கூட்டுங்கள்: ஊர் நேரம் காலை 9 மணியிலிருந்து பின்னேரம் 5 மணி வரை, தேர்மல், அதாவது வெயிலில் சூடாகி மேலேறும் காற்று, வேலை செய்யும் நேரம் முழுவதும் அடைபட்டிருக்கிறது. 03.30 என்பதை அதிகாலை மூன்றரை என்று வாசித்தால் பதினொன்றரையோடு முடிந்துவிட்டது என்று நினைத்து பன்னிரண்டு மணிக்கு எழும்பிவிடுவீர்கள். எஃப், ஜி பந்திகள் கீழ் எல்லை உயரமும் மேல் எல்லை உயரமும். முதல் நாள் இரவு ஒருமுறை, புறப்பட முதல் வயலில் நின்று ஒருமுறை பாருங்கள்.

இராணுவப் பறப்பெல்லாம் நோட்டாமில் வரும் என்று எண்ணவேண்டாம். தன் வலயத்துக்குள் வழக்கமாகச் செய்வதை யாரும் தினமும் அறிவிப்பதில்லை. ஹெலிகொப்டர் தாழ்வாகப் பறந்து வரும். இந்த இடைவெளியைத் தாளால் நிரப்ப முடியாது. ஆட்களோடு கதைத்துத்தான் நிரப்பமுடியும். ஆகவே அனுமதி. இலங்கையில் சிவில் பறப்பை ஒழுங்குபடுத்துவது 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சிவில் விமான சேவைகள் அதிகாரசபை. அவர்களுக்கு எழுத்தில் எழுதுங்கள்: எந்த வயல், ஆள்கூறு என்ன, எந்தெந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எவ்வளவு உயரம், எந்தப் பாதை, சுவிஸ் அனுமதிப்பத்திரப் பிரதி, காப்புறுதிப் பிரதி. பாதுகாப்புத் தரப்பின் சம்மதம் யாரூடாகப் பெறவேண்டும் என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள். பதிலும் எழுத்தில் கையில் இருக்கவேண்டும். “அவருக்குத் தெரியும், பிரச்சினை வராது” என்று ஊரில் யாராவது சொல்வதை அனுமதியாக எடுக்கவேண்டாம். பதில் வர மாதங்கள் எடுக்கலாம் என்று வைத்து இப்போதே எழுதுங்கள்.

விஞ்சைப் பற்றித் தனியாகக் குறிப்பிடுங்கள். நீங்கள் கயிற்றைக் கழற்றும் நேரம் ஐந்நூறு மீற்றர் உயரத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய கயிறு வானத்தில் நிற்கிறது. தாழ்வாக வரும் ஹெலிகொப்டருக்கு உங்கள் விதானத்தைவிட (பாராகிளைடரின் துணி) அந்தக் கயிறு ஆபத்து. கட்டுப்பாட்டு வலயத்துக்கு வெளியே என்றாலும் இழுப்பது பற்றி இரணைமடுவுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

இப்போது உங்கள் பாதை. கிளிநொச்சியிலிருந்து மன்னார் நகரம் நேர்கோட்டில் ஏறத்தாழ 70 கிலோமீற்றர், தென்மேற்கே. ஏ9 வீதிக்குக் கிழக்கே உள்ள வயலைத் தெரிவு செய்யாதீர்கள். அக்கராயன் பக்கம் போய் இழுத்தால் இரணைமடுவிலிருந்து தூரம் கூடும், வாடைக்காற்றும் உங்களை அதிலிருந்து விலக்கிக்கொண்டே போகும். எதிர்ப்பக்கம் நின்றால் அதே காற்று உங்களை அதன் மேலே கொண்டுபோய் விடும். தேர்மலுக்குள் சுற்றும்போது நீங்கள் ஓரிடத்தில் நிற்பதாகத் தோன்றும். 20 கிலோமீற்றர் காற்றில் கால் மணித்தியாலம் சுற்றினால் 5 கிலோமீற்றர் தள்ளப்பட்டிருப்பீர்கள். வலயத்தின் விளிம்பிலிருந்து காற்றுக்கு எதிர்ப்பக்கம் 5 கிலோமீற்றருக்குள் எந்தத் தேர்மலையும் நான் எடுப்பதில்லை, அது எவ்வளவு நல்லதாக இருந்தாலும். உயரத்தில் 150 மீற்றர் விட்டுவைப்பேன். இவை சட்டத்தில் உள்ள எண்கள் அல்ல, நான் வைத்துக்கொண்ட எல்லை.

அக்கராயனுக்கும் வெள்ளாங்குளத்துக்கும் இடையே காடு. போதிய உயரம் இல்லாமல் அதைத் தாண்ட முயலாதீர்கள். பின்னேரம் மேற்குக் கரையில் கடற்காற்று உள்ளே வரத் தொடங்கும், வாடையோடு மோதும் இடத்தில் ஏற்றம் நன்றாக இருக்கும், அதைத் தாண்டியதும் முகத்தில் எதிர்க்காற்று. என் அனுமானம், மன்னார் நகரத்தைக் குறியாக வைப்பதைவிட கட்டுக்கரைக் குளத்தின் கீழுள்ள வயல்களை முடிவிடமாக வைப்பது நல்லது. காலபோகம் வெட்டி முடிந்திருந்தால் இறங்க எங்கும் இடம். தீவுக்குள் போனால் தெற்குக் கரையோரம் தம்பபவனி காற்றாலைகள் முப்பது நிற்கின்றன, சுற்றிவரக் கடல், வலசை வந்த பறவைக் கூட்டங்களும் அங்கேதான்.

தரையைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லாமல் விடமுடியாது. எங்கே இறங்கினாலும் உழுது பயிர் செய்த நிலத்தில் மட்டும் இறங்குங்கள். வடக்கே முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை நீண்ட காலம் நடந்துவரும் இடம். சிவப்புப் பலகை கண்ட காணிக்குள், பற்றைக்குள், கைவிடப்பட்ட வளவுக்குள் கால் வைக்கக்கூடாது. இராணுவ முகாமின் வேலிக்குள் இறங்குவதைவிட ஒரு கிலோமீற்றர் முன்னரே பறப்பை முடிப்பது மேல். மற்றது சனம். போர்க்காலத்தில் வேவு விமானத்தை எங்கள் ஆட்கள் வண்டு என்பார்கள். அது சுற்றினால் பின்னால் கிபிர் குண்டுவீச்சு விமானம் வரும் என்று பதுங்குகுழிக்குள் ஓடிய பிள்ளைகள் இப்போது பெரியவர்கள், அதே ஊர்களில்தான் இருக்கிறார்கள். பாராகிளைடருக்குச் சத்தம் இல்லை, ஆனால் தலைக்கு மேலே திடீரென ஒன்று வட்டமடிப்பதைக் கண்டால் நெஞ்சு பதறும் ஆட்கள் இருக்கிறார்கள். பாராமோட்டர், அதாவது இயந்திரம் பூட்டிய பாராகிளைடர், பாவிக்கலாமா என்றும் ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம், குறிப்பாகப் புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் பக்கம். இழுக்கும் ஊரில் கிராம சேவையாளருக்கும் கோயில் நிர்வாகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் முதல் கிழமையே சொல்லிவிடுங்கள். விதானத்தை வயலில் விரித்து, பிள்ளைகளுக்கு முதலில் அதைத் தொட்டுப் பார்க்க விடுங்கள். பொலிஸ் நிலையத்திலும் அனுமதிக் கடிதத்தின் பிரதி இருக்கட்டும். பறக்கும் நேரம் தரையில் ஒருவர் போனோடு இருக்கவேண்டும். அவசர அம்புலன்ஸ் இலக்கம் 1990, பொலிஸ் 119.

அனுமதி கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கிடைக்காவிட்டால் இந்த முறை விதானத்தைச் சுவிசிலேயே விட்டுவிட்டுப் போங்கள். பின்னேரங்களில் வயலில் நின்று பருந்துகள் எந்த இடத்தில், எத்தனை மணிக்கு ஏறுகின்றன, எத்தனை மணிக்குக் காற்று திரும்புகிறது என்று குறித்து வையுங்கள். அடுத்த விண்ணப்பத்தோடு அதையும் சேர்க்கலாம். கோப்பை இப்போதே கீறத் தொடங்குங்கள், அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. முடித்ததும் நீங்கள் பாவித்த ஏ.ஐ.பி.யின் திகதியோடு இங்கே போடுங்கள். ஆள்கூறுகளை ஒவ்வொன்றாக நானும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்து, பிழை இருந்தால் எழுதுகிறேன்.